ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் இல்லம்: வீல்டன் வகை மரச்சட்டக வீடு எப்படி நிற்கிறது?

நெடுங்கூரை எழுதியது:

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில், புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை அடுத்துக் கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்று இருக்கிறது. பாதிரியார் இல்லம் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழமையான இடங்களைப் பாதுகாப்பதற்காக 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அடுத்த ஆண்டே பத்துப் பவுண்டு கொடுத்து இதை வாங்கியது. அந்த அமைப்பு விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். இணையத்தில் எங்கே தேடினாலும் இந்தப் பத்துப் பவுண்டுக் கதைதான் கிடைக்கிறது. வீட்டின் மரவேலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இது வீல்டன் கூடவீடு எனப்படும் வகை. கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் இவ்வகை வீடுகள் மிகுதி. நீள்சதுரமான தரை, பெரும்பாலும் நான்கு அங்கணம் (ஒரு தூண்வரிசைக்கும் அடுத்த தூண்வரிசைக்கும் இடைப்பட்ட பகுதி). நடுவிலுள்ள இரண்டு அங்கணங்களும் சேர்ந்தது கூடம். அதற்கு மாடி கிடையாது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் முகடு வரை தெரியும். இரு முனைகளிலும் உள்ள அங்கணங்களுக்கு மட்டும் மாடி உண்டு. ஒரு முனையில் கீழே உணவுப்பொருளும் மதுவும் வைக்கும் இரு சிறு அறைகள். மறுமுனையில் வீட்டுக்காரரின் தனியறை, அதற்கு மேல் படுக்கையறை.

முன்பக்கத்தில் மாடித் தரையின் விட்டங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி நீட்டப்பட்டு, மாடிச் சுவர் அவற்றின் நுனியில் நிறுத்தப்பட்டிருக்கும். நடுக்கூடத்துக்கு மாடி இல்லையாதலால் அங்கே துருத்தலும் இல்லை. ஆனால் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே கூரைதான், இறவாரமும் ஒரே நேர்க்கோட்டில்தான் ஓடும். அப்படியானால் கூடத்துக்கு முன்னால் கூரையின் பாரத்தைத் தாங்கும் உத்தரம் சுவரின் மேல் உட்காராமல், சுவருக்கு முன்னால் அந்தரத்தில் போகிறது. அதை இரு முனைகளிலிருந்தும் வளைந்த சாய்கால்கள் தாங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடுப்பகுதி உள்வாங்கியதுபோல் தெரிவது இதனால்தான்.

இந்தச் சிக்கலான ஏற்பாடு எதற்காக என்பதுதான் என் கேள்வி. என் கருத்து இது: பக்கக் கட்டடங்களைக் குறுக்காக வைத்துத் தனித்தனிக் கூரை போட்டால், கூரைகள் சந்திக்கும் இடத்தில் பள்ளம் உண்டாகி மழைநீர் அங்கேதான் இறங்கும். அந்தரத்தில் ஓர் உத்தரத்தை ஓட்டிவிட்டால் பள்ளமே இல்லாத ஒற்றைக் கூரை கிடைத்துவிடுகிறது. அழகுக்காகச் செய்தது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கேள்விக்காரன் எழுதியது:

ஐயா, அடிப்படையான ஒரு சந்தேகம். கூடத்துக்கு மாடி ஏன் இல்லை? நாட்டுப்புறத்தில் ஒருவர் இவ்வளவு மரம் செலவழித்து வீடு கட்டும்போது, பாதி வீட்டின் மேல்வெளியை வீணாக விட்டுவைப்பாரா?

நெடுங்கூரை எழுதியது:

அது புகைக்கான இடம். அந்தக் காலத்தில் இத்தகைய வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் தரையில், நடுவே, திறந்த அடுப்பு எரியும். புகை மேலே எழுந்து கூரையின் உள்வெளியில் தங்கி, வேய்ந்த கூரையின் இடுக்குகள் வழியாகவும் முகட்டோரத் திறப்புகள் வழியாகவும் மெல்ல வெளியேறும். மேல்வெளி உயரமாக இருந்தால்தான் கீழே உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட முடியும். சன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை. சதுரக் கம்புகளை மூலைவாட்டில் திருப்பி நிறுத்தி, உள்ளே மரக்கதவு வைத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி பரவியபோது பெரும்பாலான வீடுகளில் கூடத்துக்கும் மாடி போட்டுவிட்டார்கள். ஆல்ஃபிரிஸ்டனில் இன்று கூடம் முகடு வரை திறந்த நிலையில் இருப்பதால், பழைய ஏற்பாட்டை நேரில் காணும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

தச்சன்_மகன் எழுதியது:

நெடுங்கூரை அவர்களுக்கு வணக்கம். மரவேலையைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். தேக்கை ஆண்டுக்கணக்கில் உலர்த்தி வேலை செய்யும் வழக்கத்தில் வளர்ந்தவன் என்பதால், இந்த வீடுகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே ஓக் மரத்தை வெட்டிய ஓரிரு ஆண்டுக்குள், பச்சையாகவே வேலை செய்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. பச்சை ஓக் கோடரிக்கும் வாய்ச்சிக்கும் எளிதாக இணங்கும். மரம் சட்டகத்தில் மாட்டப்பட்ட பிறகு, இருந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் காய்ந்தது. காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிப்பு விடும். இந்தக் கோணல்மாணலைப் பார்த்துவிட்டுக் கட்டியவர்களுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மரம் அசையும் என்று தெரிந்தே பொருத்தைத் திட்டமிட்டார்கள்.

பொருத்தை அருகில் போய்ப் பார்த்தால் திறமை விளங்கும். தூணில் துளை, விட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் நுழையும்படி ஒடுக்கிச் செதுக்கிய கழுந்து; கழுந்து தொடங்கும் இடத்திலுள்ள படிதான் தோள். துளையின் இரு கன்னங்களையும் ஊடுருவி முளைக்கான ஓட்டையை முதலில் போட்டுவிடுவார்கள். கழுந்தை உள்ளே செருகி, அந்த ஓட்டை வழியாக அதன்மேல் அடையாளம் வைத்து, மறுபடி வெளியே உருவி, கழுந்தின் ஓட்டையை மட்டும் அந்த அடையாளத்திலிருந்து சில மில்லிமீட்டர் தோள்பக்கமாகத் தள்ளித் துளைப்பார்கள். பிறகு பூட்டி, காய்ந்த ஓக்கைப் பிளந்து செதுக்கிய கூம்பு முளையை அடித்து இறக்கும்போது, நேராக இல்லாத ஓட்டைகளின் வழியே முளை வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவு கழுந்தைத் துளைக்குள் இழுத்து இறுக்கிவிடுகிறது. முளையை அறுத்து எடுக்காமல் பிளந்து எடுப்பது, நார் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்பதற்காக. இரும்பு ஆணி இருந்தாலும் பயன்படுத்தமாட்டார்கள். ஓக்கிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரித்து, மரத்தையும் கருநீலமாகக் கறைப்படுத்திவிடும்.

இன்னொன்று: ஒவ்வொரு பொருத்தும் தனித்தனியாக அளந்து வெட்டியது, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பூட்ட முடியாது. ஆகவே களத்தில் சட்டகத்தைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ரோமன் எண்களைக் கீறிவைத்துப் பிரித்து, வீட்டு மனைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். நான்கு என்பதற்குப் பெரும்பாலும் நான்கு கோடுகள்தான் இருக்கும். பழைய வீடுகளின் தூண்களில் இந்தக் கீறல்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

அந்தர உத்தரம் பற்றிய உங்கள் விளக்கம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் அழகு என்ற காரணத்தை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். தெருவை நோக்கிய முகப்பில் நெருக்கமாகத் தூண் நிறுத்தி, பின்பக்கத்தில் தள்ளித் தள்ளி நிறுத்திய வீடுகள் எத்தனையோ உள்ளன. கட்டுபவரின் கையில் காசு இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

கேள்விக்காரன் எழுதியது:

இந்த உத்தரங்களெல்லாம் பழைய கப்பல்களை உடைத்து எடுத்த மரம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சசெக்ஸ் கடலோரப் பகுதிதானே, அது பொருந்துகிறதல்லவா? உத்தரங்களில் காரணமில்லாமல் வெற்றுத் துளைகள் இருப்பதையும் சான்றாகக் காட்டினார்கள்.

லூயிஸ்வாசி எழுதியது:

ஆல்ஃபிரிஸ்டனிலிருந்து அதிக தூரமில்லாத லூயிஸ் நகரில் வசிக்கிறேன். இந்தக் கப்பல் கதையை இங்கே தேநீர்க்கடையிலும் மதுக்கடையிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊர்களிலும் இதே கதையைச் சொல்கிறார்கள். கப்பல் மரம் வளைவானது, பருமனானது, உப்பேறி இறுகியது. அதை வண்டியேற்றி உள்நாட்டுக்கு இழுத்து வந்து, கல்போலான மரத்தில் புதுத் துளை வெட்டுவதைவிட, பக்கத்துத் தோப்பில் பச்சை மரத்தை வெட்டுவது எவ்வளவோ எளிது.

ஆலிவர் ராக்கம் என்ற தாவரவியலாளர் சஃபோக் பகுதியில் ஸ்டாண்டன் கிராமத்து வீடு ஒன்றின் மரங்களை எண்ணிப் பார்த்து, சுமார் 330 மரங்கள் செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டார். எண்ணைவிட அந்த மரங்களின் பருமன்தான் முக்கியம்: பலவும் ஒல்லியான இளம் ஓக். ஒரு தூணுக்கு ஒரு மரம் என்ற அளவில், தேவையான பருமனுள்ள மரத்தைத் தேடி வெட்டி, நான்கு பக்கமும் செதுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளைப் பகுதியும் பட்டையும் அப்படியே ஒட்டியிருக்கும் உத்தரங்களை நிறையக் காணலாம். இது ஒரு வகையில் நமக்கு நல்லது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி வயது கணிப்பவர்களுக்குப் பட்டையோரம் கிடைத்துவிட்டால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிட முடிகிறது.

வெற்றுத் துளைகளுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அந்த இடத்திலிருந்த சாய்காலையோ தடுப்பையோ பின்னால் யாரோ எடுத்திருப்பார்கள். மற்றொன்று, இடித்த வேறொரு வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருந்தால், அவை பெரும்பாலும் சுவர்ப் படலின் குச்சிகள் செருகியிருந்த இடம்.

கான்கிரீட்_அன்பர் எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசிய சுவரை இந்த நூற்றாண்டிலும் அப்படியே வைத்திருப்பது பிடிவாதம் அல்லவா? மரச்சட்டகத்தை வைத்துக்கொண்டு, இடைச்சுவர்களை எடுத்துவிட்டு, செங்கல் அடைத்துச் சிமெண்டு பூசினால் வீடு உறுதியாகவும் கதகதப்பாகவும் இருக்குமே. ஆல்ஃபிரிஸ்டனில் தரையைக்கூட வெண்சுண்ணக் கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி மெழுகியிருக்கிறார்கள் என்று படித்தேன். வியப்பாக இருக்கிறது, ஆனால் பொறியியல் என்று சொல்ல மனம் வரவில்லை.

லூயிஸ்வாசி எழுதியது:

பால் மெழுகிய தரையை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் ஐயா. பாலிலுள்ள புரதம் சுண்ணத்தோடு சேர்ந்து பசையாக இறுகும். தச்சர்கள் பலகை ஒட்டுவதற்கும் இதே சேர்க்கையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சிமெண்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் வசிக்கும் தெருவில் பழைய மரச்சட்டக வீடு ஒன்றின் முகப்புக்கு, முன்பிருந்த உரிமையாளர் காலத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டுப் போனார். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஓக் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப உப்பிச் சுருங்கும், சிமெண்டு அசையாது. ஆகவே மரமும் பூச்சும் சேரும் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விட்டு, மழைநீர் அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. போன நீர் திரும்பி வெளியே வர வழியில்லை. வீடு கைமாறிய பிறகு பூச்சை உடைத்துப் பார்த்தபோது, தூண்களெல்லாம் உட்கார்ந்திருக்கும் அடி உத்தரம் கையால் அள்ளும் அளவுக்கு நைந்துபோயிருந்தது. தூண்களின் காலடியும் அப்படியே. உள்ளே சுவருக்குள் சாவுக்கடிகார வண்டு எனப்படும் பூச்சி குடியேறியிருந்தது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இளகிய ஓக்தான் அதற்குப் பிடித்தமான உணவு.

மண் சுவர் அப்படிச் செய்வதில்லை. பிளந்த ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் கொம்புகளைப் படலாகப் பின்னி, இருபுறமும் மண் சாந்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்த சுவர் நனையும், காற்றடித்தால் உலர்ந்தும்விடும். மரத்தோடு சேர்ந்து சற்று வளைந்தும் கொடுக்கும். ஆண்டுக்கொருமுறையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ சுண்ணாம்பு அடித்து வந்தால், அதன் நுண்வெடிப்புகளும் அடைபட்டுவிடும். கதகதப்பு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு மரநார்ப் பலகை போன்று ஈரத்தைக் கடத்தும் பொருட்கள் இருக்கின்றன. நுரையைப் பீச்சி அடைப்பது மட்டும் கூடவே கூடாது.

கான்கிரீட்_அன்பர் எழுதியது:

ஈரம் பற்றிய விளக்கம் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் நைந்துபோன தூணை என்ன செய்வார்கள்? முழுவதையும் மாற்றாமல் ஒட்டுப்போட்டால் பாரம் தாங்குமா?

தச்சன்_மகன் எழுதியது:

தாங்கும். கெட்டுப்போன அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, வைரம் பாய்ந்த இடத்திலிருந்து சாய்வாகப் படி வெட்டி, அதே படியை எதிர்ப்பக்கமாக வெட்டிய புது ஓக் துண்டைப் பூட்டி முளை அடிப்பார்கள். தூணில் பாரம் பெரும்பாலும் நேர் கீழ்நோக்கி அழுத்துவதால், படிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் போதும். இங்கே மட்டும் பச்சை மரம் ஆகாது. பழைய மரம் காய்ந்து முடிந்தது, புதியது சுருங்கினால் பொருத்து வாய் திறந்துவிடும். எனவே காற்றில் உலர்ந்த ஓக்கைத் தேடிப் பிடிப்பார்கள். ஒட்டு வெளியே தெரியும்படியே விட்டுவிடுவது நல்ல மரபு.

நெடுங்கூரை எழுதியது:

அந்த மரபுக்கும் ஆல்ஃபிரிஸ்டனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பழைய கட்டடத்தைச் சுரண்டி எடுத்து, அது முன்னொரு காலத்தில் இப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து புதிதாக்குவதை அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இடிந்துவிழும் நிலையில் இருந்த ஆல்ஃபிரிஸ்டன் வீட்டைக் காப்பாற்ற அவ்வூர்ப் பாதிரியார் பெய்னன் முயன்றபோது உதவியது இந்தச் சங்கம்தான். நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆக்டேவியா ஹில் பணம் திரட்டினார். பழுதுபார்க்கும் பணியைக் கவனித்தவர் ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக் கலைஞர். வாங்கிய விலை பத்துப் பவுண்டு என்பதில் பெரிய சாதனை இல்லை. பழுதுபார்ப்புக்குத்தான் பெரும் பணம் தேவைப்பட்டது.

கூடத்தில் செதுக்கப்பட்ட ஓக் இலை ஒன்று இருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் அதிலிருந்து பிறந்தது என்று சொல்வோர் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விவாதத்தைக் கிளப்ப விரும்புகிறேன். மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற இடத்திலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற வீல்டன் வீடு இருக்கிறது. கென்ட்டில் சிடிங்ஸ்டோன் அருகே நின்ற வீடு அது. பாவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த இடம் எடுக்கப்பட்டபோது, 1960களின் இறுதியில் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். கூடமும் ஒரு முனையும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, மறுமுனை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது என்பது வளையக் கணிப்பு. பின்னாளில் கூடத்துக்குள் செருகப்பட்ட மாடியையும் புகைபோக்கியையும் மறுபடி வைக்காமல், நடுவில் அடுப்பெரியும் திறந்த கூடமாகவே அதை நிறுத்தியிருக்கிறார்கள். மோரிஸ் இதை ஏற்றிருப்பாரா?

லூயிஸ்வாசி எழுதியது:

ஏற்றிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். நானும் முழுமனதோடு ஏற்கவில்லை. புகைபோக்கி வைத்த தலைமுறையும் அந்த வீட்டில் வாழ்ந்த தலைமுறைதானே? அடுப்படியில் சமைத்த பெண்ணுக்குப் புகையில்லாத கூடம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! அந்த நூற்றாண்டுகளை அகற்றிவிட்டு ஒரு காலகட்டத்தை மட்டும் காட்டுவது, வீட்டை மாதிரிப் பொருளாக்கிவிடுகிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் வீட்டில் இப்படிச் செய்திருந்தால் கடுமையாக எதிர்த்திருப்பேன்.

தச்சன்_மகன் எழுதியது:

லூயிஸ்வாசி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்த வீட்டுக்கு மாற்றுவழி இடிபாடு ஒன்றுதான். இடத்தை இழந்தே தீர வேண்டும் என்ற நிலையில், கற்பவருக்கு எது அதிகம் பயன்படும் என்று பார்த்ததில் பிழை காண என்னால் முடியவில்லை. கூடத்தின் நடுவிலுள்ள குறுக்கு விட்டத்தையும், அதன்மேல் நிற்கும் குத்துக்காலையும், அதிலிருந்து நான்கு திசையிலும் பிரியும் சாய்கால்களையும் கீழே நின்று ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் இடையில் மாடி இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் விருந்தினருக்குக் காட்டுவதற்காகவே அந்தக் குத்துக்காலுக்குத் தூண்போல் போதிகையும் பீடமும் செதுக்குவது வழக்கம்; மாடி போட்ட வீடுகளில் அது பரணில் எலிகளோடு ஒளிந்திருக்கும்.

இன்னொரு செய்தி. இந்தக் குத்துக்கால் கூரை தென்கிழக்கு இங்கிலாந்தின் வழக்கம். மத்திய, மேற்குப் பகுதிகளில், வளைந்த பெரிய மரத்தை இரண்டாகப் பிளந்து, தரையிலிருந்தே எதிரெதிராக நிறுத்தி முகட்டில் சேர்க்கும் வேறொரு முறை உண்டு. சசெக்ஸ், கென்ட் பக்கம் அதைக் காண்பது மிக அரிது. மரம் கிடைக்காததால் என்று சொல்லிவிட முடியாது. சசெக்ஸில் ஓக்குக்குப் பஞ்சமில்லை. தச்சர்கள் கற்றுக்கொண்ட வழி அப்படி என்றுதான் தோன்றுகிறது.

கேள்விக்காரன் எழுதியது:

கடைசியாக ஒன்று. முகப்பில் செங்கல் வைத்து, ஓடு போட்டு, உள்ளே மாடியும் கட்டி முழுவதும் மாறிப்போன வீடு, ஒரு காலத்தில் திறந்த கூடமாக இருந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நெடுங்கூரை எழுதியது:

பரணில் ஏறிக் கைமரங்களைப் பார்ப்பார்கள். திறந்த அடுப்பின் புகை தலைமுறைக் கணக்கில் பட்ட மரம் கரேலென்று இருக்கும். விரல் வைத்தால் கரி ஒட்டும். நடு அங்கணங்களின் கைமரங்கள் மட்டும் கறுத்து, முனை அங்கணங்களின் மரம் வெளுப்பாக இருந்து, இரண்டுக்கும் இடையே பழைய தடுப்பு ஒன்று முகடு வரை போனதற்கான அடையாளமும் தெரிந்தால், நடுவில் இருந்தது திறந்த கூடம் என்று துணியலாம். சில வீடுகளில் கூரையின் மிகப் பழைய அடி வைக்கோலே புகையேறிய நிலையில் இன்றும் இருக்கிறது.

தச்சன்_மகன் எழுதியது:

அதோடு ஓர் எச்சரிக்கை. கரி படிந்த மரத்தைக் கண்ட மாத்திரத்தில் முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த கைமரமாகவும் இருக்கலாம். பொருத்து சற்று விலகியிருக்கும் இடத்தில் விளக்கடித்து, கழுந்தின் தோளையும் துளையின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். புகை நுழைய முடியாத அந்த மறைவிடம் வெளுத்திருந்தால், மரம் அதே இடத்தில் இருந்தபடியே புகை குடித்தது என்று பொருள். அங்கேயும் கரி இருந்தால், அது வேறெங்கோ புகைந்துவிட்டு வந்த மரம்.